ஏழாவது தலைமைப் பயிற்றுநர்

"எங்கள் தலைமைப் பயிற்றுநர் மீது கழகத்துக்கு முழு நம்பிக்கை உண்டு" என்று தலைவர் இஸ்ஸதீன் ஹாஜியார் சொன்ன செய்தி செவ்வாய்க்கிழமைப் பேப்பரில் வந்திருந்தது. றஸீன் அதைப் படித்தான். பேப்பரை மடித்து வைத்தான். பயிற்றுநர் சாள்ஸ் சேருடைய சாமான்களைக் கட்டுவதற்கு ஒரு காட்போட் பெட்டி தேடிப் போனான்.

அவனுக்கு முன்கூட்டி அறிகிற சக்தி ஏதும் கிடையாது. அலைமுத்து உதைபந்தாட்டக் கழகத்தில் பத்து வருசமாகப் பந்துக்குக் காற்றடித்து, விளையாட்டு ஜேசி கழுவி, கோல் வலை கட்டி வருகிறவன். அனுபவம்தான். தலைவர் "நம்பிக்கை" என்று சொன்னால் பயிற்றுநருக்கு ஏழு நாள் இருக்கிறது. "முழு நம்பிக்கை" என்றால் இரண்டு நாள். "அசைக்க முடியாத நம்பிக்கை" என்று ஒருமுறை சொன்னார்; அன்று பின்னேரமே அந்த மனிதர் கருவாட்டு லொறியில் முன்சீட்டுக்குக் கீழே படுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார்.

கழகத்தின் ஊர் நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் இடையில், கடலோரத்தில் இருக்கிறது. கழகம் சம்பளத்துக்கு விளையாடுகிற பெரிய லீக்குக்குள் நுழைந்து பதினாலு மாதம். அந்தப் பதினாலு மாதத்தில் சாள்ஸ் சேர் ஆறாவது ஆள். வியாழக்கிழமை அவரை விலக்கினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு றஸீன் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு சிலாபத்துக்குப் போனான்.

சாள்ஸ் சேருடைய வீட்டு முன் ஜன்னலில் கண்ணாடி இல்லை, கல்லெறியில் போயிருந்தது. உரச்சாக்கு அடித்திருந்தது. படலையைத் தட்டினான், நெடுநேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு உள்ளேயிருந்து அவருடைய மனைவி எமிலியாவின் குரல், "ஆரெண்டு கேட்டுட்டுத் திறங்கோ" என்றது. படலை ஒரு சாண் திறந்தது.

"தனியாவா தம்பி வந்தீங்க?"

"ஓம் சேர். தனியாத்தான்."

ஆறடி உயரமான அந்த மனிதர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை வாங்கினார். கழகத்துக்கு முதல் முதலாக ஒழுங்கான பயிற்சி கொடுத்தவர் அவர்தான். றஸீனுக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"போன மெட்ச்ல நீங்க வேற டீம் போட்டிருந்தா வெண்டிருப்போம் சேர்" என்றான், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று.

"நான் எங்க தம்பி டீம் போட்டது? சனிக்கிழமை பின்னேரம் ஹாஜியார்ட டிரைவர் ஒரு பேப்பர் கொண்டந்து தருவார். அதில பதினொரு பேர் இருக்கும். நான் வாசிக்கிறது மட்டும்தான்."

"அப்ப உங்கள எதுக்கு எடுத்த?"

"தோக்கிற நாளுக்கு" என்றார் சாள்ஸ் சேர். படலையைச் சாத்தினார்.

 

ஏழாவது ஆளைத் தேடுவதற்காகச் செயற்குழு அடுத்த நாள் கூடியது. ஏழு பேர். ஒருவரும் உதைபந்து விளையாடியதில்லை. விளையாடினவர்களுக்குப் பக்கச்சார்பு இருக்கும் என்று கழக யாப்பிலேயே எழுதியிருந்தது. றஸீன் பிளேன்டித் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றான். செயலாளர் அக்ரம் மாஸ்டர் தகைமைகளை வாசித்தார்.

"வயது நாற்பதுக்குள். அனுபவம் முப்பது வருசம்."

"அப்ப பத்து வயசுல தொடங்கியிருக்கணுமே" என்றார் ஒருவர்.

"அப்பிடி ஆர்வமுள்ள ஆள்தான் எங்களுக்கு வேணும்" என்றார் ஹாஜியார்.

"வாழ்க்கையில ஒரு மெட்ச்சும் தோத்திருக்கக் கூடாது. தலைவர் பேசும்போது குறுக்க பேசக் கூடாது. தலைவர் பேசாதபோதும் பேசக் கூடாது. வெளிநாட்டவருக்கு முன்னுரிமை."

விளம்பரம் போட்டார்கள். லீக்குக்கு அப்போது இடைவேளை; பத்து நாளாகியும் ஒரு விண்ணப்பம் வரவில்லை. "பதவியின் உயரம் காரணமாக விண்ணப்பிக்கத் துணிந்தோர் எவரும் இல்லை என்பதைக் குழு பெருமையுடன் பதிவு செய்கிறது" என்று அக்ரம் மாஸ்டர் கூட்டறிக்கையில் எழுதினார்.

குழுவில் உசனார் என்று ஒருவர் இருந்தார். கற்பிட்டியில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதி வைத்திருப்பவர். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் தன் விடுதியிலிருந்து ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வந்த ஆள். நல்ல உயரம், வெயிலில் வெந்த மூக்கு. அதற்கு முந்தின நாள் அவருடைய பட்டம் ஹாஜியாரின் தென்னந்தோட்டத்தில் விழுந்து இரண்டு குரும்பட்டிக் குலையை முறித்திருந்தது. அதற்கு விசாரணை என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் வந்து உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டார்.

"பணிவு" என்று எழுதினார் அக்ரம் மாஸ்டர்.

"தாக்கி ஆடுவீங்களா, தடுத்து ஆடுவீங்களா?" என்று ஹாஜியார் கேட்டதை உசனார் இங்கிலீசில் சொன்னார். காற்று தன்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது, தன் கையில் ஒன்றும் இருக்கவில்லை என்று வெள்ளைக்காரர் கைகளை விரித்துக் காட்டினார்.

"இயற்கையோட சேர்ந்து ஆடுற முறை" என்றார் உசனார்.

ஒப்பந்தத்தை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. பொலிஸ் வாக்குமூலம் என்று நினைத்திருக்க வேண்டும். கழிப்பறை எங்கே என்று கேட்டு வெளியே போனவர், வாசலில் நின்ற திரீவீலில் ஏறிப் போய்விட்டார். செருப்பு அலுவலகத்து வாசலிலேயே கிடந்தது. "ஐரோப்பிய நிபுணருடனான பேச்சுவார்த்தை இறுதிக் கட்டத்தில்" என்று மறுநாள் பேப்பரில் வந்தது.

பந்துக்குக் காற்றடித்தபடி றஸீன் அதைப் படித்துத் தனியே சிரித்தான். அதற்குப் பிறகு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பத்து மணிக்கு ஹாஜியார் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

காலையில் ஹாஜியாரின் ஐஸ் பெக்டரியில் வேலை, பின்னேரம் அதே சம்பளத்துக்கு ஹாஜியாரின் கழகத்தில் வேலை என்பதுதான் றஸீனின் ஏற்பாடு. ஐஸ் கட்டி தூக்கின ஈரக்கையோடு போய் நின்றான்.

"றஸீன், நல்ல செய்தி. சுருக்கப் பட்டியல்ல நீ வந்திருக்க."

"நான் விண்ணப்பிக்கல்லயே ஹாஜியார்."

"விண்ணப்பிச்சவங்க ஒருத்தரும் பட்டியல்ல இல்ல. அதுதான் உன்ட விசேசம்."

"பட்டியல்ல எத்தின பேர் ஹாஜியார்?"

"ஒருத்தர். அதாலதான் சுருக்கப் பட்டியல் எண்டு சொல்ற." ஹாஜியார் ஜன்னல் வழியாகப் பெக்டரி முற்றத்தைப் பார்த்தார். "இஞ்ச ஆக்கள் கொஞ்சம் கூடப் போல இரிக்கு. குறைக்கணும். அதுக்கும் உனக்கும் ஒரு சம்பந்தமுமில்ல. வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சை."

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மர்ளியா முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

"ஏலாதெண்டு சொல்லுங்க."

"சொன்னா பெக்டரில வேல இல்ல."

"ஏலுமெண்டு சொன்னா?"

 சிலாபத்து வீட்டு உரச்சாக்கைப் பற்றி றஸீன் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தான். 

"அப்ப பெயிலாகுங்க. எத கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லுங்க. பெயிலானவன வேலைய விட்டு நிப்பாட்ட ஏலுமா?"

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பள்ளிக்கூட ஓ.எல். பரீட்சையில் ஆறு பாடம் பெயிலான றஸீனுக்கு அந்த விசயத்தில் தன்னம்பிக்கையும் இருந்தது.

வியாழக்கிழமை ஏழு பேரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். றஸீனுக்கு ஒரு கதிரை. பத்து வருசத்தில் அந்த அறையில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.  

"நாலு நாலு ரெண்டா, நாலு மூணு மூணா, எது உங்கட முறை?" என்றார் அக்ரம் மாஸ்டர். பரீட்சை என்பதால் மரியாதையாகக் கேட்டார்.

"எனக்குக் கணக்கு ஓடாது சேர்."

"பழைய முறைகளுக்கு அடிமை இல்லை" என்று எழுதினார்.

"முதல் பாதியிலயே எதிரணி மூணு கோல் போட்டா என்ன செய்வீங்க?"

"பயப்படுவேன்."

குழு ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டியது. "உண்மை பேசுறார். முந்தின கோச்மார் எல்லாம் அந்தக் கேள்விக்கு அர மணித்தியாலம் கதைச்சாங்க" என்றார் உசனார்.

"எனக்கு உண்மையா ஒண்டும் தெரியாது. நான் பந்துக்குக் காத்தடிக்கிறவன்."

"அடிமட்டத்திலிருந்து அனுபவம்."

 பெயிலாவது இத்தனை கஷ்டமாக இருக்கும் என்று றஸீன் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சும்மா இருந்தாலே போதுமாக இருந்தது.

"சரி. மெட்ச் தோத்தா பொறுப்பு ஆருடையது?"

அவன் சும்மா இருந்தான்.  ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதப் பாரு றஸீன். விளங்கிக்கொள்ளணும். ஒரு கழகத்துக்கு ரெண்டு விசயம் வேணும். வெற்றி வந்தா அத எடுத்துக்கொள்ள ஒரு தலைவர். தோல்வி வந்தா அத எடுத்துக்கொள்ள ஒரு தலைமைப் பயிற்றுநர். ரெண்டும் ஒரே ஆள்கிட்டப் போனா நிர்வாகம் குழம்பிரும். நாங்க பதினாலு மாசத்துல ஆறு பேர மாத்தினோம். சனம் என்ன சொல்லுது? தலைவர் துணிஞ்சு முடிவெடுக்கிறார் எண்டு சொல்லுது. ஒரே கோச்ச நாலு வருசம் வெச்சிருக்கிற கழகமும் நாட்டுல இரிக்கு. அங்க தலைவர்ட பேர் ஆருக்காச்சும் தெரியுமா?"

ஆறு பேரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள்.

அக்ரம் மாஸ்டர் இரண்டு கடிதங்களை முன்னால் வைத்தார். நியமனக் கடிதம் அரைப் பக்கம். விலகல் கடிதம் மூன்று பக்கம். இரண்டிலும் திகதி இருக்கவில்லை. "அத நாங்க சந்தர்ப்பம் பாத்துப் போட்டுக்கொள்வோம்" என்றார். படம் பிடிக்கிறவரும் வந்திருந்தார். மாலை போட்டுச் சிரிக்கிற படம் ஒன்று, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகிற படம் ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் அவர் இரண்டு தடவை வர வேண்டியதில்லை.

குனிந்த படம் முதலிலேயே நன்றாக வந்தது. சிரிக்கிற படத்துக்கு மூன்று தடவை எடுத்தார்கள்.

பேனை கைக்கு வந்தது. மூடியைக் கழற்றினான், திரும்பவும் மூடினான். ஏதாவது கேட்டு ஒரு நிமிசம் தள்ளினால் நல்லது என்று தோன்றியது. அதைத் தவிர அவன் மனதில் வேறு நோக்கம் இல்லை.

"டீம ஆர் தெரிவு செய்ற? நானா?"

 உசனாரின் கை பிளேன்டிக் கோப்பையோடு பாதி வழியில் நின்றது. கோல் காக்கிறவன் உசனாரின் மருமகனுடைய தம்பி. நடுவில் விளையாடுகிற இருவர் ஹாஜியாரின் மச்சினன் மக்கள். மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு சொந்தம் களத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆர் இத உனக்குச் சொல்லித் தந்த?" என்றார் ஹாஜியார். குரல் மிகவும் மெதுவாக வந்தது.

"ஒருத்தருமில்ல ஹாஜியார். சும்மா..."

"வெளிய நில்லு."

இரண்டு மணித்தியாலம் வெளியே நின்றான். கடைசியில் அக்ரம் மாஸ்டர் வந்து, விண்ணப்பம் மேலதிகப் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார். அவன் விண்ணப்பிக்கவில்லை என்பதை இருவருமே மறந்திருந்தார்கள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மெட்ச் தலைமைப் பயிற்றுநர் இல்லாமலே நடந்தது. அவருடைய கதிரைக்கு வெள்ளைத் துணி போர்த்தி வைக்கும்படி குழு தீர்மானித்தது. பார்க்கிறதுக்கு ஆரோ மௌத்தான இழவு வீடு மாதிரி இருந்தது.

எதிரணி முதலாவது கோலைப் பத்தாவது நிமிசத்தில் போட்டது. ஆதரவாளர்களின் தலைவன் ஸாஜித், மீன் ஏலம் கூறுகிறவன், மைக் இல்லாமலே கடலுக்குள் வள்ளத்துக்குக் கேட்கிற தொண்டை. பழக்கத்தில் எழுந்து "அடேய் கோச்!" என்று தொடங்கினான். வெள்ளைத் துணியைப் பார்த்தான். அடுத்த சொல் வரவில்லை. உட்கார்ந்தான்.

இரண்டாவது, மூன்றாவது கோலுக்கும் அதே கதைதான். சனம் எழும்பிப் பெஞ்சுப் பக்கம் திரும்பும். ஏசுவதற்கு ஆள் இல்லாமல் உட்காரும். நாலாவது விழுந்தபோது ஸாஜித் பெஞ்சைப் பார்க்கவேயில்லை. மெதுவாகத் திரும்பி, பிரமுகர்கள் இருந்த பந்தலைப் பார்த்தான்.

"அப்ப டீம் போட்ட ஆர்?"

அந்தக் கேள்வி மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் போனது. தண்ணீர்ப் போத்தல் அடுக்கிக்கொண்டிருந்த றஸீனின் காதுக்கும் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டான், தான்தான் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டதுபோல.

கடைசி விசில் ஊதியதும் பந்தலில் ஏழு கதிரையும் காலி. ஹாஜியார் முன்னால் ஓட, மற்றவர்கள் பின்னால் ஓட, எல்லோரும் பந்து வைக்கிற அறைக்குள் புகுந்தார்கள்.

"பூட்டு றஸீன்! வெளியால பூட்டு!"

பூட்டினான். பூட்டின திறப்பு அவன் கையில் இருந்தது. கேற்றடியிலிருந்து சனம் வருகிற சத்தம் கேட்டது. கதவுக்குக் கீழே இரண்டு காகிதங்கள் நழுவி வந்தன.

"கையெழுத்துப் போட்டாச்சு, உன்டதும் சேத்து" என்று உள்ளேயிருந்து ஹாஜியார் குசுகுசுத்தார். "நீதான் கோச். போன திங்கள்ல இருந்து. போய்ச் சொல்லு. அல்லாஹ்வுக்காகச் சொல்லு தம்பி."

பத்து வருசத்தில் அவர் அவனைத் தம்பி என்று சொன்னதில்லை. றஸீன் காகிதங்களை எடுத்து நிமிர்ந்தபோது ஸாஜித் முன்னால் நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு நூறு பேர். சிலருடைய கையில் கல் இருந்தது.

"என்ன அது?"

 பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும். அது றஸீனிடம் இல்லை. அதனால் வாசித்தான். திங்கட்கிழமை தொடக்கம் றஸீனைத் தலைமைப் பயிற்றுநராக நியமிப்பதில் கழகம் பெருமகிழ்ச்சி அடைகிறது. அடுத்த காகிதம். இன்றைய நாலுக்குப் பூச்சியம் தோல்விக்கு முழுப் பொறுப்பையும் ஏற்று, குடும்பச் சூழ்நிலை காரணமாக றஸீன் விலகுகிறான்.

"நாலுக்குப் பூச்சியம் எண்டே எழுதியிருக்கா?" என்றான் ஸாஜித்.

"ஓம். இலக்கமும் திகதியும் மட்டும் பேனையால இரிக்கு. மற்றதெல்லாம் டைப் அடிச்சது."

"நீங்க திங்கக்கிழமையே கோச்செண்டா எங்களுக்கு ஏன் சொல்லல்ல?"

"எனக்கே இப்பதான் தெரியும்."

யாரோ ஒருவர் பின்னால் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. "ஹாஜியார் எங்க?" என்று ஒரு குரல் வந்தது. கண்கள் எல்லாம் றஸீனின் கையில் இருந்த திறப்புக்குப் போயின. முன்னால் நின்ற ஒருவன் கல்லைக் கை மாற்றிப் பிடித்தான்.

றஸீன் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டான். நிற்பதற்கு வேறு வழியில்லை. கால் அப்படி நடுங்கியது.

"உள்ளுக்கு ஏழு பேர் இரிக்காங்க" என்றான். "பிழை செஞ்சவங்கதான். ஆனா கல்லு வேணா. சாள்ஸ் சேர்ட வீட்டு ஜன்னல்ல இண்டைக்கும் உரச்சாக்குத்தான் தொங்குது. அந்த மனுசன் படலையத் திறக்கவும் பயப்படுறார். அவர் ஒரு டீமும் போடல்ல. அவருக்கு எறிஞ்ச கல்லு ஆருட கல்லு?"

 ஸாஜித் தன் கையைப் பார்த்தான். அந்தக் கையில் கல் இருக்கவில்லை. ஆனாலும் அவன் அதைச் சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

"போடுங்கடா கீழ" என்றான். கற்கள் விழுகிற சத்தம் கேட்டது. "தொறங்க றஸீன் நானா. ஒண்டும் செய்ய மாட்டம்."

றஸீன் திறந்தான். ஏழு பேரும் வெள்ளை ஜுப்பாவுக்கு மேலே பயிற்சிக்குப் போடுகிற மஞ்சள் பனியனை மாட்டியிருந்தார்கள், விளையாட்டுக்காரர் என்று நினைத்து விட்டுவிடுவார்கள் என்று. உசனாருக்கு அது நெஞ்சோடு இறுகி நின்றது. ஹாஜியார் தலையைக் குனிந்தபடி முதலில் வந்தார். சனம் விலகி வழி விட்டது. எவரும் ஏசவில்லை, கூச்சல் போடவில்லை. மைதானத்தின் நீளம் முழுக்க அந்த ஏழு பேரும் ஒரு வரிசையில் நடந்து, கேற்றைத் தாண்டிப் போனார்கள்.

உடல்நலக் காரணங்களுக்காகக் குழு ஓய்வில் செல்வதாக மறுநாள் அறிக்கை வந்தது. ஏழு பேருக்கும் ஒரே நாளில் ஒரே நோய். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே றஸீன் பெக்டரிக்குப் போனான். எவரும் எதுவும் சொல்லவில்லை. ஐஸ் கட்டிகளைத் தூக்கி லொறியில் போட்டான்.

"இப்ப நீங்க கோச்சா, விலகிட்டீங்களா?" என்று மர்ளியா கேட்டாள்.

"தெரியா. ரெண்டு கடிதமும் கையில இரிக்கு."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வழக்கம்போல மைதானத்துக்குப் போனான். பந்துகளை வெளியே எடுத்து வைத்தான். விளையாட்டுக்காரர்கள் பதினெட்டுப் பேர் வந்து கோடு ஓரமாக நின்றார்கள். டிரைவர் வரவில்லை, பேப்பர் வரவில்லை. நுரைச்சோலைப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைக்கூண்டிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது, காற்று விழுந்திருந்தது.

"கோச், இண்டைக்கு என்ன செய்ற?" என்று ஒருவன் கேட்டான்.

றஸீன் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை. கோல் கம்பமும் மணலும்தான்.

 பதினெட்டு முகங்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஓடிப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தான்; கேற்று வெகு தூரத்தில் இருந்தது. கடைசியில், எப்போதும் பெஞ்சிலேயே இருக்கிற, எவருக்கும் சொந்தமில்லாத, கற்பிட்டிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பையன் நிலுக்சனின் பக்கம் விரலை நீட்டினான்.

"நீ கோல் காக்கப் போ" என்றான்.

நிலுக்சனும் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான்.